நர்ஸ் சொன்னால் போதுமா, டாக்டரிடம் போகணுமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது மாதம். போன வாரம் தடுப்பூசி போடப் போனபோது எடை 7.4 கிலோ. ஆறாம் மாதத்தில் 7.2 இருந்தாள். அட்டையைப் பார்த்த நர்ஸ், என்ன சாப்பிடுகிறாள், எத்தனை வேளை, வயிற்றுப்போக்கு வந்ததா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை பார்க்க வரச் சொன்னார். குழந்தை துறுதுறுவென்றுதான் இருக்கிறாள். "அவ அப்பாவும் சின்ன வயசுல ஒல்லிதான்" என்கிறார் மாமியார். டாக்டர் ஒன்றும் சொல்லாதபோது நர்ஸ் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் கட்டாயம் போங்கள். 7.4 கிலோவை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு அது சாதாரண எல்லைக்குள்தான் வருகிறது, அதனால்தான் அன்றைய எண்ணை மட்டும் பார்ப்பவருக்குக் கவலை வராது. ஆனால் உங்கள் நர்ஸ் பார்த்தது அந்த ஒரு எண்ணை இல்லை, அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டை. ஆறாம் மாதத்தில் உங்கள் மகள் ஏறக்குறைய நடுக்கோட்டில், அதாவது அந்த வயதுக் குழந்தைகளின் நடுத்தர எடையில், இருந்தாள் (அந்த வயதுக்கு அது 7.3 கிலோ). ஒன்பதாம் மாதத்துக்கு நடுக்கோடு 8.2. மூன்று மாதத்தில் ஏறக்குறைய 900 கிராம் கூட வேண்டிய இடத்தில் 200 கிராம்தான் கூடியிருக்கிறது. அதைக் கவனித்துக் கேள்வி கேட்டிருக்கிறாரே, அவர் செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

மாமியார் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. பெற்றோர் வாகுப்படி முதல் இரண்டு வருடத்தில் மெதுவாகக் கீழ்க்கோட்டுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துவிடும் குழந்தைகள் உண்டு. ஆனால் 'ஒல்லி வம்சம்' என்று முதலிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது, மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் வர வேண்டிய முடிவு அது. இந்தக் கோடுகள் இருக்கும், உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவாக்கியது. தாய்ப்பாலும் நல்ல கவனிப்பும் கிடைத்தபோது, இவ்வளவு வேறுபட்ட நாடுகளிலும் சிறு குழந்தைகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள்.

இந்த வயதில் எடை நிற்பதற்கு நாங்கள் அடிக்கடி பார்க்கும் காரணம் சாப்பாடுதான். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடும் அளவுக்குத் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. ஒன்பது மாதத்தில் தாய்ப்பாலோடு கரண்டியில் நிற்கிற பதத்தில் மூன்று நான்கு வேளை உணவு வேண்டும், இடையில் ஒன்றிரண்டு தடவை சின்னத் தீனியும் கொடுக்கலாம். அடுத்த தடவை டயபரைக் கழற்றிவிட்டு அதே தராசில் நிறுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நனைந்த டயபரே சில சமயம் 200 கிராம் வந்துவிடும், உங்கள் மகளுக்கு மொத்தமாக ஏறியிருப்பதே அவ்வளவுதான். அப்போதும் எடை ஏறவில்லை என்றால் நர்ஸே டாக்டரிடம் அனுப்புவார். இடையில் எடை குறைவது போல் தெரிந்தாலோ, விடாத வாந்தி, காய்ச்சல் வந்தாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ இரண்டு வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தையின் தலையை நர்ஸ் மூன்று தடவை அளந்தார். ஏதாவது பிரச்சினையா?

பதில்: இல்லை, அளக்கும் முறையே அப்படித்தான். டேப் புருவத்துக்குச் சற்று மேலேயும், பின்னந்தலையில் அதிகமாகப் புடைத்திருக்கும் இடத்திலும் போக வேண்டும். கொஞ்சம் நழுவினாலே அளவு மாறிவிடும் என்பதால் திரும்ப அளந்து, கிடைப்பதில் பெரிய அளவைக் குறிக்கிறார்கள். முதல் மூன்று மாதம் தலைச் சுற்றளவு மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ. கூடும். அது வேகமாக ஏறினாலோ, ஏறாமல் நின்றாலோதான் டாக்டரிடம் காட்டச் சொல்வார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தையும் என் பையனும் எட்டு மாதம். அது உட்காருகிறது, இவன் இன்னும் இல்லை. இவன் குறித்த தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே பிறந்தவன்.

பதில்: அந்த இரண்டு மாதத்தைக் கழித்துவிடுங்கள். வளர்ச்சியைப் பொறுத்தவரை அவனுக்கு இப்போது ஆறு மாதம்தான். ஆதரவில்லாமல் உட்காருவது நான்கிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரண்டு வயது வரை எடை, நீளம் எல்லாவற்றுக்கும் இந்தக் கழித்தல் கணக்குதான். புது நர்ஸ் யாராவது அட்டையைக் கையில் எடுத்தால் குறைப்பிரசவம் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பையனுக்கு ஊசி போடப் போனால், பெயர் சொன்னால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, எத்தனை வார்த்தை பேசுகிறான் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஊசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ஊசிக்குச் சம்பந்தமில்லை, ஆனால் நன்றாக இருக்கும் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வருவது அன்றைக்குத்தானே! அந்தக் கேள்விகள் காது கேட்பதையும், பேச்சையும், ஆட்டிசம் போன்றவற்றின் ஆரம்ப அறிகுறிகளையும் பார்ப்பதற்கு. உங்களோடு பேசிக்கொண்டே நர்ஸ் குழந்தையையும் பார்த்துக்கொண்டிருப்பார்: புது ஆளைப் பார்த்து அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, ஒரு பொருளை நீட்டினால் இரண்டு கையும் வருகிறதா, எப்போதும் ஒரே கைதானா. இந்த வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் மற்றக் கையில் பலம் குறைவோ என்று பார்க்க வேண்டியிருக்கும்.

அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம், செய்கிறான்' என்று சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். வீட்டில் எடுத்த வீடியோ இருந்தால் காட்டுங்கள், அது ரொம்ப உதவும். சரி, கொஞ்சம் தாமதம் என்றால் காதைப் பரிசோதிப்பதில் தொடங்கி வழி இருக்கிறது. ஆனால் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளை நிறுத்திவிட்டான், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டான் என்றால், எந்த வயதானாலும் அடுத்த ஊசித் தேதி வரட்டும் என்று இருக்காமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.