ரப்பரும் ஒப்பந்த மேசையும்

கேள்வி: வெளிநாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது எங்களைப் போன்ற சிறு ரப்பர் விவசாயிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று விதி ஏதும் இல்லையா? (வாசகர், குலசேகரம்)

பதில்: கட்டாய விதி இல்லை. அரசியலமைப்பின் 253ஆவது பிரிவு, ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறதே தவிர, கையெழுத்திடுமுன் மாநிலங்களிடமோ விவசாயிகளிடமோ கருத்துப் பெற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயினும், எழுந்த குரல்கள் முற்றிலும் வீணாகிவிடவில்லை; 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சரக்கு வர்த்தக ஒப்பந்தத்தில் (ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்புடன் இந்தியா செய்தது), இறக்குமதியாகும் இயற்கை ரப்பர் வரிச்சலுகையிலிருந்து விலக்கப்பட்டது.

சிக்கல் வேறிடத்தில் முளைத்தது. இயற்கை ரப்பர் சுங்கப் பட்டியலில் 4001 என்ற தலைப்பிலும், இரசாயனங்கள் சேர்த்த கலவை ரப்பர் 4005 என்ற தலைப்பிலும் வருகின்றன. (பால் ஒன்றுதான், பெயர்தான் இரண்டு!) 2023 பட்ஜெட்டில் கலவை ரப்பரின் அடிப்படை வரி 10 சதவீதத்திலிருந்து, 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவாக உயர்த்தப்பட்டபோதும், அந்த விலக்கில் சேராமல் ஒப்பந்தச் சலுகையில் வரும் கலவை ரப்பரை அந்த உயர்வு தொடவில்லை. வளரும் நாடுகளில் வர்த்தகக் கொள்கைத் திறனை வளர்ப்பது என்று பேசப்படுவது, என் பார்வையில், இந்த நான்கு இலக்கங்களை விவசாயியும் வாசிக்கக் கற்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆகவே, உங்கள் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாக, வெறும் “விலை வீழ்ச்சி” என்று எழுதாமல், சுங்கத் தலைப்பு, ரப்பர் ஷீட் (உலர்ந்த தகடு) விலை, பால்வெட்டுக் கூலி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியத்துக்கும் வணிகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கும் மனு அனுப்புங்கள்.