கிடங்கில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒவ்வொரு பொருளுக்கும் கிடங்கில் தகுந்த இடத்தை ஒதுக்குவதை ஸ்லாட்டிங் என்பார்கள். ஆர்டர் சீட்டோடு கிளம்பும் ஊழியருக்குப் பொருளை எடுக்கச் சில நொடிகளே ஆகும். அவர் நேரத்தைத் தின்பது நடைதான். அந்த நடையைக் குறைக்கத்தான் இத்தனை யோசனையும்.

வீட்டு அலமாரியை நினைத்துப் பாருங்கள். தினமும் உடுத்தும் சட்டை கைக்கெட்டும் தட்டில் இருக்கும், குளிருக்கான கம்பளி உடை மேல் தட்டில் கிடக்கும். கிடங்கிலும் அப்படித்தான். அடிக்கடி கேட்கப்படுபவை பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்க வேண்டும். குனியவும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். கனமான பெட்டிகளை உயரத்தில் ஏற்றவே கூடாது, முதுகு போய்விடும்.

பொருளின் பருமனும் முக்கியம். ஒரு பொருள் அடைக்கும் இடத்தை அதற்கு வரும் ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்து, விடை சிறிதாக உள்ளதை வாசலருகே வைக்கும் முறையை 1963-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹெஸ்கெட் முன்வைத்தார். இன்றும் கைகொடுக்கும் கணக்கு அது.

சேர்ந்தே ஆர்டராகும் பொருள்களை அருகருகே வையுங்கள். ஆனால் 8 மில்லிமீட்டர் திருகும் 10 மில்லிமீட்டர் திருகும் ஒரே மாதிரிப் பெட்டியில் வந்தால் தள்ளியே வையுங்கள், அவசரத்தில் கை மாறிவிடும்.

எத்தனை விற்றது என்ற எண்ணிக்கையைப் பார்த்தே பலர் இடம் ஒதுக்குகிறார்கள். அது தவறு: ஒரே ஆர்டரில் 1,000 போனால் ஒரு நடை, 50 ஆர்டரில் ஒவ்வொன்றாகப் போனால் 50 நடை.