போதைப் பழக்கத்தில் சிக்கிய கல்லூரி விளையாட்டு வீரருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுக்கலாமா, அணியை விட்டே அனுப்பிவிட வேண்டுமா?

கொடுக்கலாம். ஆனால் எதற்கான வாய்ப்பு? குணமாவதற்கா, ஆடுவதற்கா? கோச்சும் ரசிகர்களும் இதைப் பேசும்போது பெரும்பாலும் அடுத்த மேட்சில் அவன் இறங்குவானா என்பதுதான் அவர்கள் கவலை. என்னைக் கேட்டால் இரண்டையும் பிரித்துவிட வேண்டும். ஆட்டத்தை நிறுத்துங்கள், சிகிச்சையை நிறுத்தாதீர்கள். நான் பல வருடமாக அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பார்ப்பவன், அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

கிறிஸ் ஹெரன் என்ற கூடைப்பந்து வீரர் பாஸ்டன் காலேஜில் போதைப் பரிசோதனைகளில் தோற்று வெளியேறினார். திறமைசாலி என்பதால் ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. அங்கேயும் 1997ல் மாட்டிக்கொண்டு, பத்திரிகையாளர்கள் முன் ஒப்புக்கொண்டு, சிகிச்சைக்குப் போய், அதே சீசனில் திரும்பி வந்து ஆடினார். 1999ல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவிலும் எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அருமையான மறுவாழ்வுக் கதை மாதிரி இருக்கும், ஆனால் பழக்கம் அவரை விடவே இல்லை, வலி மாத்திரையில் போய், ஹெராயின் வரைக்கும் போய், 2008ல்தான் அவர் அதிலிருந்து வெளியே வந்தார். அப்போது அவர் என்பிஏவை விட்டே பல வருடம் ஆகியிருந்தது. அவருக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது பந்துதான்.

இன்னொருவர் அமெரிக்கக் கால்பந்து ஆடிய டைரன் மேத்யூ. 2011ல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை வந்தவரை, அடுத்த ஆகஸ்டிலேயே அவருடைய பல்கலைக்கழகமான எல்எஸ்யூ அணியை விட்டு நீக்கியது. இவ்வளவு பெரிய நட்சத்திரத்தை நீக்க ஒரு கோச்சுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நீக்கியவுடன் திருந்திவிட்டார் என்றும் சொல்ல முடியாது, அக்டோபரில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதும் ஆனார். ஹூஸ்டனில் அவருக்கு உதவியது ஜான் லூகாஸ், அவரே போதையால் என்பிஏ வாழ்க்கையைத் தொலைத்து மீண்டவர். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013ல் மேத்யூ 69ஆவது ஆளாகத்தான் போனார், அதுவும் தொடர் பரிசோதனைக்குச் சம்மதித்து. 2020ல் தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்த அணியில் இருந்தார். நீக்கியதால்தான் தேறினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆட்டம் கையை விட்டுப்போன பிறகும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார், அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

"சின்னப் பையன், போகப் போகச் சரியாகிவிடுவான்" என்று விடுவதும் ஆபத்துதான். 1986 ஜூன் 17 அன்று லென் பயஸ் என்ற கல்லூரிக் கூடைப்பந்து நட்சத்திரத்தை பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற என்பிஏ அணி டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுத்தது. 19ஆம் தேதி கோகைனால் இதயம் நின்று இறந்துபோனார், வயது 22.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'சேஃப் ஹார்பர்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பரிசோதனைக்கு அழைப்பு வருவதற்கு முன்னாலேயே வீரர் தானாக வந்து சொன்னால் முதல் தடவை தண்டனை கிடையாது, ஆனால் சிகிச்சைக்குப் போயே ஆக வேண்டும். அழைப்பு வந்த பிறகு ஓடி வந்தால் செல்லாது. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பிடிபட்டால் எல்லாம் போச்சு என்றால் எந்தப் பையன் வாயைத் திறப்பான்?

பொறுப்பு வீரருக்கு மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து ஓபியாய்டு என்ற, பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரையோடு அறைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் யாருமே கணக்குக் கேட்காத கல்லூரி, ஒழுங்கைப் பற்றிப் பேசுவது வேடிக்கை. அதே மாதிரி முதல் வரிசை ஆட்டக்காரருக்கு ஒரு நியாயம், பெஞ்சில் உட்காருபவருக்கு ஒரு நியாயம் என்றால் அது கருணை இல்லை, வெறும் வியாபாரம். பெஞ்சில் இருப்பவனுக்கும் இதையே செய்வீர்களா என்று கேட்டால் பல கோச்சுகள் மாட்டிக்கொள்வார்கள்.

எத்தனை வாய்ப்பு என்றால், சிகிச்சைக்கு எண்ணிக்கை வைக்கக் கூடாது, மீண்டும் வழுக்குவது இந்த நோயில் சகஜம். ஆட்டத்துக்கு வைக்கலாம். இரண்டாவது தடவை என்றால் அந்த சீசன் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும் படிப்புக்காகத் தொடரட்டும். ஆனால் போதையில் வண்டி ஓட்டி யாரையாவது இடித்தாலோ, யாரையாவது அடித்தாலோ, அது அணிக்குள் பேசி முடிக்கிற விஷயமே இல்லை, போலீஸும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது.