தென்னங்குழியில் ஒன்பது தங்கக் காசு: கண்டெடுத்தவர் நீங்கள் அல்ல

கரூர் பக்கம், அமராவதியை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வக்கீலான எனக்கு நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டும்போது ஒரு சின்னக் கலயம் உடைந்து ஒன்பது தங்கக் காசு சிதறியது. குழி வெட்டியவர் கூலிக்கு வந்தவர், மண் அள்ளியது அவர் மனைவி, காசை முதலில் பார்த்ததும் அந்த அம்மாதான். இவர் இரண்டு பேர் கையிலும் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். இப்போது அந்த அம்மா பங்கு கேட்கிறார், பங்காளி ஒருவர் நிலமே இன்னும் பாகம் பிரியவில்லை என்கிறார், அக்கா மகன் காசைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். இதெல்லாம் நடந்து 45 நாள் ஆகிறது. கேள்வி: இவை ரோமானியக் காசுதான் என்று சான்று எங்கே வாங்குவது, நல்ல விலைக்கு எப்படி விற்பது?

அந்த அம்மா நன்றி கெட்டவர், பங்காளி பொறாமை பிடித்தவர், பத்து வருஷமாக வேலை கொடுத்து வருகிறேன் என்றெல்லாம் எழுதியதை நான் படித்தேன், ஆனால் அதில் ஒரு வரிகூட எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டிய வரியை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: காசை முதலில் பார்த்தது அந்த அம்மா. உங்கள் வழக்கு மொத்தமும் அங்கேதான் இருக்கிறது.

மண்ணுக்குள் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் 1878-ம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வரும். பத்து ரூபாய் என்பது அச்சுப்பிழை இல்லை. அந்தச் சட்டத்தில் கண்டெடுத்தவர் ஒருவர், நிலத்துக்காரர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. ஆமாம், திருப்பிப் படித்துப் பாருங்கள். நீங்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்து அனுப்பிய அம்மாவுக்கு முக்கால். நான் கூலி கொடுத்து வெட்டச் சொன்ன குழி, அதனால் கண்டெடுத்தவன் நான்தான் என்று வாதாடலாம், அப்படி வாதாடுவதற்கு ஃபீஸ் வாங்க என்னைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். அதை நம்பி இறங்காதீர்கள்.

சரி, ஆபத்துக்கு வருவோம். கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டியது கண்டெடுத்தவர். தெரிவிக்காவிட்டால் அவர் பங்கு அரசுக்குப் போகும், ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். அதற்கு உடந்தையாக இருந்த நிலத்துக்காரருக்கும் பங்கு போய்விடும், ஆறு மாதம் வரை சிறை உண்டு. 'யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று சொல்லி ஆயிரம் ரூபாய் கொடுத்தீர்களே, அதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் உடந்தை. அந்த அம்மா நாளைக்கு வி.ஏ.ஓ.விடம் போய், அய்யா சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்களை விட அவருக்குத்தான் அது வசதி.

விற்பது பற்றி. சென்னை வியாபாரி ஒருவர் நல்ல விலை தருவதாகவும், 'தாத்தா காலத்துப் பெட்டியில் இருந்தது' என்று நோட்டரி போட்ட அஃபிடவிட் மட்டும் வேண்டும் என்று கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கட்சிக்காரர்கள் விழுந்து நான் பார்த்த குழி இதுதான். சில வருஷத்துக்கு முன்பு ஒருவர் இதே போல நாலு வெள்ளிக் காசை விற்றார், இதே அஃபிடவிட். வாங்கியவர் வேறொரு சிலை விவகாரத்தில் மாட்டினார், அவர் போனைத் திறந்தால் அஃபிடவிட்டின் படம், பணம் அனுப்பிய ரசீது, ஈர மண் ஒட்டியிருக்கும் காசின் போட்டோ, மூன்றும் ஒரே சாட்டில் வரிசையாக இருந்தன. தாத்தா பெட்டிக்குள் ஈர மண் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அஃபிடவிட் இல்லாமல் இருந்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. காசும் போனது, வாங்கிய பணமும் போனது, வாய்தாவுக்கு அலைந்தது தனி.

உங்கள் அக்கா மகன் சொல்லும் இன்னொரு யோசனை, அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினால் காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து சான்றோடு அனுப்புவார்கள் என்பது. அப்படிக் கம்பெனிகள் உண்டு, ஆனால் அனுப்பக் கூடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை. சான்று வாங்கத்தான் அனுப்பினேன், திரும்பி வந்துவிடும் என்பதைக் கஸ்டம்ஸில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பழைய காசுக்குக் கோடி தருகிறோம், முதலில் 'ரிசர்வ் வங்கி கட்டணம்' கட்டுங்கள் என்று ஆன்லைனில் வருகிறதே, அது பச்சை மோசடி. தன் பெயரில் அப்படிக் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

நகைக்கடையில் உரைகல்லில் உரசிப் பார்த்துத் தங்கம் என்று சொன்னார்களாம். தங்கமா என்றுதான் உரைகல் சொல்லும், எந்தக் காலத்துக் காசு என்று சொல்லாது, அதோடு காசின் விளிம்பில் ஒரு கீறலும் மிச்சம். கடப்பாரை பட்டு ராஜா முகம் வெட்டுப்பட்டுவிட்டது, அதற்கு அந்த ஆளிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்றும் ஒரு கேள்வி. அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறு காசில் ஒரே மாதிரி, தலைக்குக் குறுக்கே ஒரே வெட்டு. கடப்பாரை அவ்வளவு ஒழுங்காக வேலை செய்யாது. புதுக்கோட்டைப் பக்கம் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசு ஒரே இடத்தில் கிடைத்தது, அவற்றில் பெரும்பாலானவற்றில் இதே மாதிரி வெட்டு உண்டு, அந்தக் காலத்திலேயே வெட்டியது. அந்த ஆளை விடுங்கள், அந்த வெட்டு உங்கள் காசுக்கு நல்ல பெயர்தான் வாங்கித் தந்திருக்கிறது. உறுதியாகச் சொல்ல வேண்டியது நான் இல்லை, நாணயம் தெரிந்த அரசு நிபுணர். கலெக்டர் வழியாகப் போனால் அவர் பார்த்து எழுதுவார், நீங்கள் தேடும் சான்று அந்தக் காகிதம்தான்.

இனி கசப்பான கணக்கு. கலெக்டர் விரும்பினால் அரசுக்காக எடுத்துக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் சொல்லும் விலை உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். ஒன்பது காசும் சேர்ந்து 70 கிராம் என்கிறீர்கள், அப்படியானால் 84 கிராம் தங்கத்தின் விலை. சேகரிப்பாளர் கொடுப்பதில் இது எத்தனையில் ஒன்று என்று எனக்கும் தெரியும், ஆள் ஏன் மறைக்கிறார்கள் என்பதும் புரிகிறது. அரசு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால், அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டில் உரிமம் உள்ள வியாபாரியிடம் தலைநிமிர்ந்து விற்கலாம். நல்ல விலைக்கு இருக்கும் ஒரே வழி அது.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே அந்த அம்மாவையும் அவர் கணவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, திண்ணையில் நிற்க வைக்காமல் உட்கார வைத்துப் பேசி, பாதிக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் இருந்தால் கலெக்டர் அதன்படிதான் பிரிப்பார், அதாவது கால் பங்கு அரைப் பங்காகிறது. எழுபதுக்கு முப்பது என்று பேரம் பேசினால் அவர் ஒரு வக்கீலைப் பார்ப்பார், அப்புறம் முக்காலுக்குக் கீழே இறங்க மாட்டார். பங்காளிக்கும் உங்கள் பாதியில் கொஞ்சம் கொடுத்து வாயை அடையுங்கள். கோபப்படாதீர்கள், நிலம் யாருடையது என்று தகராறு கிளம்பினால் கலெக்டர் விசாரணையை நிறுத்திவிட்டு சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார், காசு கருவூலத்தில் தூங்கும், உங்கள் பேரன் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் அந்த அம்மா பெயரிலும் உங்கள் பெயரிலும் கலெக்டருக்கு மனு: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதி. தேதியை மாற்றாதீர்கள். சட்டம் 'இயன்ற விரைவில்' என்கிறது, இத்தனை நாள் என்று எண் போடவில்லை, 45 நாளுக்கு ஒரு விளக்கம் எழுதலாம், 145 நாளுக்கு எழுத எனக்கே கை வராது. ஒப்படைக்கும்போது ஒவ்வொரு காசையும் எடை போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து, ரசீதில் எண்ணிக்கையும் எடையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உடைந்த கலயத்தின் ஓடுகளையும் பொறுக்கிச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு காசை மட்டும் உங்கள் வீட்டம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மீதி எட்டையும் அடுப்படிப் பக்கமே கொண்டு போக வேண்டாம்.