திஸ் புக்ஸா, தீஸ் புக்ஸா?

கேள்வி: பக்கத்தில் இருந்தால் திஸ், தள்ளி இருந்தால் தட் என்பது தெரியும். ஆனாலும் ஆங்கிலத்தில் பேசும்போது தப்பு வருகிறது. தீஸ், தோஸ் இரண்டும் வாயில் வரவே மாட்டேன் என்கிறது. எப்படிப் பழகுவது?

பதில்: தூரம் உங்களுக்குச் சிக்கலே இல்லை. இது, அது என்று சுட்டிப் பேசியே வளர்ந்தவர்கள் நாம், அது தானாக வந்துவிடும். இடறுவது எண்ணிக்கையில்தான். 'இந்தப் புத்தகம்', 'இந்தப் புத்தகங்கள்' இரண்டுக்கும் தமிழில் அதே 'இந்த'தான், பேச்சிலோ ஜோடிச் செருப்பைக்கூட 'இது என் செருப்பு' என்று ஒருமையில் முடித்துவிடுவோம், அந்தப் பழக்கம் அப்படியே போய் 'திஸ் புக்ஸ்', 'திஸ் ஷூஸ்' என்று விழுகிறது. அதனால் பக்கமா தூரமா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒன்றா பலவா என்று பாருங்கள். பல என்றால் திஸ் தீஸ் ஆகும், தட் தோஸ் ஆகும், கூடவே வினையும் பெயர்ச்சொல்லும் பன்மைக்குப் போகணும்: 'திஸ் இஸ் மை கீ', 'தீஸ் ஆர் மை கீஸ்'. ஒன்றை மாற்றி மற்றதை விட்டால்தான் பிழை.

இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. கத்தரிக்கோலும் மூக்குக்கண்ணாடியும் நமக்கு ஒன்று, ஆங்கிலத்தில் பன்மை, ஆகவே 'தீஸ் சிஸர்ஸ்', 'தீஸ் கிளாஸஸ்'. ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் எல்லாம் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் திஸ், தட் மட்டும்தான்.

உச்சரிப்பையும் கவனியுங்கள், பலர் தீஸ் என்று நினைத்துக்கொண்டே திஸ் என்கிறார்கள். திஸ் குறில், சட்டென்று முடியும். தீஸை இழுத்துச் சொல்லணும், அதன் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் போல நீளும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அந்தக் கடைசி ஒலியிலும் அதிர்வு தெரிந்தால் சரி. தோஸுக்கும் அப்படித்தான்.

அப்புறம், பதில் சொல்லும் விதம். 'வாட் இஸ் திஸ்?' என்று கேட்டால் 'இட் இஸ் எ சார்ஜர்' என்பதுதான் இயல்பு. 'ஆர் தீஸ் யுவர்ஸ்?' என்றால் 'யெஸ், தே ஆர்'. சுட்டிக் காட்டும் வேலை கேள்வியிலேயே முடிந்துவிட்டது, பதிலில் மறுபடி சுட்டினால் காதுக்கு இடிக்கும்.

ஆட்களைப் பற்றி: அறிமுகம் செய்யும்போது 'திஸ் இஸ் மை சிஸ்டர்' என்று தயங்காமல் சொல்லலாம், மரியாதைக் குறைவே இல்லை. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே ஷீக்கு மாறிவிடுங்கள்.

பயிற்சிக்கு எழுதுவதைவிட வாய்விட்டுச் சொல்வதுதான் பலன் தரும் என்பேன். மேஜையில் ஒரு பேனாவை எடுத்து 'திஸ் இஸ் மை பென்', இன்னொன்றையும் சேர்த்துப் பிடித்து 'தீஸ் ஆர் மை பென்ஸ்', இரண்டையும் அறையின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு வந்து 'தோஸ் ஆர் மை பென்ஸ்', அங்கே ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வந்து 'தட் இஸ் மை பென்'. தினமும் வேறு வேறு பொருளை வைத்து, யோசிக்காமல் வரும்வரை சொல்லுங்கள்.