கணக்கில் வராத வயிற்றுப்போக்கு

கேள்வி: பிரிட்டனில் ஓர் ஆண்டில் நாலு பேரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கோ வாந்தியோ வருவதாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய அரசுக் கணக்கில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. யாரை பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: ஒருவரையும் இல்லை. கடைசியாக வயிறு கெட்டபோது மலத்தைச் சோதனைக்குக் கொடுத்தீர்களா? மாட்டீர்கள். இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்திருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் அந்தக் கணக்கில் இல்லை.

பெயர் அதில் ஏற, நோயாளி முதலில் டாக்டரிடம் போக வேண்டும். அவர் மலப் பரிசோதனை எழுத வேண்டும். நோயாளி கூச்சப்படாமல் டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆய்வகம் கிருமியைக் கண்டுபிடித்து மேலே தெரிவிக்க வேண்டும். 1990களில் இங்கிலாந்தில் இதைப் படிப்படியாக எண்ணிப் பார்த்தார்கள். ஊருக்குள் 136 பேருக்கு நோய் வந்தால் 23 பேர் டாக்டரிடம் போனார்கள், மலம் சோதனைக்குப் போனது 6 பேருக்கு, தேசியக் கணக்கில் ஏறியது ஒருவர். 2008-09இல் பிரிட்டன் முழுக்க மறுபடி பார்த்தபோது 147 பேருக்கு ஒருவர். டாக்டரிடம் போனவர்களோ பத்துப் பேர்தான்.

அந்த ஒருவர் குலுக்கலில் விழுந்தவர் அல்ல என்பதுதான் விஷயம். மலத்தில் ரத்தம் பார்த்தவர், நாள் கணக்கில் நிற்காமல் போனவர், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இவர்கள்தான் அதிகம் போகிறார்கள். (லீவுக்குச் சான்றிதழ் வேண்டி வருபவர்களும் உண்டு, அது தனிக் கதை.) அதனால் எந்தக் கிருமி அதிகம் என்ற வரிசையே மாறிவிடுகிறது. சால்மோனெல்லா என்ற பாக்டீரியா ஆளைப் படுக்கையில் தள்ளும். அதில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவர் கணக்கில் வந்துவிடுகிறார். நோரோவைரஸ் ஓரிரண்டு நாள் ஆட்டிவிட்டுப் போய்விடும்; அதில் ஏறக்குறைய முந்நூறு பேருக்கு ஒருவர்தான் தேறுகிறார். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு நோரோவைரஸ் அரிய நோய்!

சரி, உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஊருக்குள் கேட்டு எடுக்கும் எண்ணும் கேட்கும் விதத்தைப் பொறுத்தது. 'போன மாதம் வயிறு கெட்டதா' என்றால் அதற்கு முந்திய மாதத்து அவஸ்தையையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். அதே 2008-09 பிரிட்டிஷ் ஆய்வில், தொலைபேசியில் பழசைக் கேட்டபோது வந்த எண், வாராவாரம் விசாரித்துப் பதிந்த எண்ணைப்போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. நாம் எழுதிய 'நாலில் ஒருவர்' வாராவாரம் பதிந்த, சின்ன எண்.

அரசுக் கணக்கை அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. போன வாரம் மூன்று, இந்த வாரம் முப்பது என்று ஏறினால் எங்கோ தண்ணீரோ உணவோ கெட்டிருக்கிறது என்று உடனே தெரியும். அதற்குத்தான் அந்தக் கணக்கு.

அப்புறம், எல்லோரும் டாக்டரிடம் ஓட வேண்டுமா என்று அடுத்த கடிதம் வரும். வேண்டாம். பெரும்பாலும் தானே சரியாகும். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும், வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். ஆனால் குழந்தை சிறுநீர் கழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, வயதானவர் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ காத்திருக்காதீர்கள். உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 4.4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.