புரை ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ்

கேள்வி: என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த ஐந்தாம் நாள் கண் சிவந்து, வலி எடுத்து, பார்வை மங்கிவிட்டது. அன்றே மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துப் போனோம். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் செய்து சீழை எடுத்தார்கள். முதலிலேயே ஏன் எடுக்கவில்லை? பார்வை வருமா? நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பால்தான் சீழ் பிடித்தது என்கிறார் நாத்தனார்.
- வாசகி, மன்னார்குடி

பதில்: கத்தரிக்காய்க்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, சகோதரி. இமையோரத்தில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாதான் பெரும்பாலும் ஆபரேஷன் திறப்பு வழியாக உள்ளே போகிறது. நானும் வலங்கைமான் பக்கத்துக்காரன். இந்தப் பழியைச் சுமந்துகொண்டு என் முன்னால் அழுத மருமகள்கள் பலர். நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

விழிக்குள் சுமார் 4 மில்லி தெளிந்த கூழ் இருக்கிறது. அதில் ரத்தக்குழாய் இல்லை. மாத்திரை அங்கே போதிய அளவு போய்ச் சேராது என்பதால்தான் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை, வான்கோமைசின் 1 மில்லிகிராம், செஃப்டாசிடிம் 2.25 மில்லிகிராம் என்று நேராக உள்ளேயே செலுத்துகிறோம்.

அன்று டாக்டர் மாமியாரின் முகத்துக்கு எதிரே கையை ஆட்டி, "தெரிகிறதா பாட்டி?" என்று கேட்டிருப்பார். முடிவு அதில்தான் இருக்கிறது. புரை ஆபரேஷனுக்குப் பின் சீழ் பிடித்த 420 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1995-இல் வெளியானது. கையசைவாவது தெரிந்தவர்களுக்கு ஊசியும் உடனடி ஆபரேஷனும் ஒரே பலனைத் தந்தன. வெளிச்சம் மட்டுமே தெரிந்தவர்களில், உடனே ஆபரேஷன் செய்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை திரும்பியது. ஊசி மட்டும் போட்டவர்களில் 11 சதவீதம்தான். உங்கள் மாமியாருக்குக் கையசைவு தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் முதலில் ஊசி. அதில் அடங்காததால் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அது தாமதம் அல்ல, முறையான வழி.

அந்த ஆபரேஷனில் வெள்ளைவிழியில் மூன்று நுண்துளைகள்: ஒன்றில் உப்புநீர், ஒன்றில் விளக்கு, மூன்றாவதில் கூழை நறுக்கி உறிஞ்சும் கருவி. மைக்ரோஸ்கோப்பில் முதலில் மார்கழி மாத வயல்வெளி போல எல்லாம் மூட்டமாக இருக்கும். நறுக்க நறுக்க, விழித்திரையின் ரத்தநாளம் ஒன்று செந்நூலாய்த் தெரியும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்பது விழித்திரை எவ்வளவு தப்பியது என்பதைப் பொறுத்தது. தெரிய மாதங்கள் ஆகலாம். அறுவடை முடியட்டும் என்று நான்கு நாள் பொறுத்து வந்த ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நீங்கள் வலித்த அன்றே பஸ் ஏறியிருக்கிறீர்கள். இனி திடீரென மின்னல் வெட்டுவது போலவோ, திரை இறங்குவது போலவோ இருப்பதாக அவர் சொன்னால் அன்றும் அப்படியே கிளம்பிவிடுங்கள், விழித்திரை பிரிந்திருக்கலாம்.